விழுங்கிய இருமல்

எனக்கு எழுத்து சரியாக வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்தூர் ஜில்லாவின் எல்லையில் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அதிலும் பாதி நாள் வேர்க்கடலை பிடுங்கப் போய்விடுவேன். இப்போது மறதி வேறு சேர்ந்துகொண்டது. முன்னே நடந்ததைப் பின்னே சொன்னாலும், சொன்னதையே திரும்பச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு பூ கட்டுகிற பெண்கள் "ஆஸ்பத்திரியில உன்ன இன்னாதான் பண்ணாங்க, சொல்லேன்" என்று விடாமல் கேட்டார்கள். எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. எழுதித் தருகிறேன் என்று தப்பித்தேன். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, அது ஒரு சௌகரியம்.

எங்கள் வீட்டுக்காரர் ஏர்பேடு பக்கத்தில் கல் உடைக்கிற மிஷினில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். வேலையை விட்டும் தூசி அவரை விடவில்லை. பொழுது விடிந்தால் இருமல் ஆரம்பிக்கும். காபி குடிக்கிற வரைக்கும் ஓயாது. எங்கள் தெருவில் பால்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மணி பார்த்துக்கொள்வார் என்று கேலி பேசுவார்கள். அவரைக் காட்டத் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை கூட்டிப்போவேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். சித்தூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, ஆனால் தமிழும் நன்றாக வரும், இரண்டையும் கலந்து பேசுவார். ஒரு நாள் இவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு இருமல் உண்டா?"

"இல்லீங்க."

"சளி, ஆயாசம், ஆஸ்துமா?"

"ஒன்னும் இல்லீங்க."

"பொகையில, மூக்குப்பொடி?"

"வெறும் வெத்தல பாக்குதாங்க. அதுவும் கல்யாணம் காட்சின்னா."

"அப்போ மாக்கு மீரே காவாலி!" என்று சிரித்தார். எங்களுக்கு நீங்கள்தான் வேண்டும் என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். இருமலை அடக்குகிற ஒரு மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கிறார்கள். அதற்கு நோயாளி வேண்டாமாம். நல்ல உடம்புக்காரர்கள் வேண்டுமாம். மிளகாயின் காரச் சத்தை மட்டும் எடுத்து, உப்புத் தண்ணீரில் கலந்து, ஆவி பிடிக்கிற மிஷின் மாதிரி ஒன்றில் ஊற்றி மூச்சில் இழுக்க வைப்பார்கள். எவ்வளவு காரத்துக்கு இருமல் வருகிறது என்று எண்ணுவார்கள். பிறகு மருந்து கொடுத்துவிட்டு மறுபடியும் அதே மாதிரி எண்ணுவார்கள். மருந்து வேலை செய்தால், இன்னும் அதிகக் காரத்துக்குத்தான் இருமல் வரும்.

எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா ஞாயம் இது? பொழுது பொழுதுக்கும் இருமிக்கினு கீறவன் நானு. என்ன வுட்டுட்டு இவளக் கூப்புடறீங்க? பசிச்சவன நிக்க வெச்சிட்டு, துன்னுட்டு ஏப்பம் வுடறவனுக்கு எல போடற கதையா கீது!"

"ஐயா, உங்க இருமல் ஒரு நாள் அதிகமா இருக்கும், ஒரு நாள் தானா கொறையும். மருந்தாலயா, தானாவான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? மொதல்ல நல்ல தொண்டைல பாக்கணும். இது சரியா வந்தா, அப்புறம் உங்கள மாதிரி இருக்கறவங்களுக்குக் குடுத்துப் பாப்பாங்க."

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் அடங்கினார். "அப்ப போமே. எனக்காவப் போய்ட்டு வா" என்றார், என்னவோ அவர்தான் என்னை அனுப்பி வைக்கிற மாதிரி.

காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டாக்டரம்மா தமிழில் எல்லாவற்றையும் படித்துச் சொன்னார். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். மொத்தம் மூன்று நாள் வரவேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வாரம். முதல் நாள் வெறும் காரம் மட்டும். அடுத்த இரண்டு நாளில் ஒரு நாள் மருந்து, ஒரு நாள் அதே நிறத்தில் சும்மா இனிப்புத் தண்ணீர்.

"எது எந்த நாள்ங்க?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியாதும்மா. சீசாமேல நம்பர் மட்டும்தான் இருக்கும். கடைசிலதான் பிரிச்சுப் பாப்போம்."

கொடுக்கிறவருக்கே தெரியாத மருந்தை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். எனக்குத் தெரிந்தால் என் உடம்பு அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளும், டாக்டருக்குத் தெரிந்தால் அவர் கண் அதற்குத் தகுந்த மாதிரி பார்க்கும், அதனால் இரண்டு பேரும் கண்ணைக் கட்டிக்கொள்கிறோம் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. நேர்மையான வேலையாகத் தோன்றியது. வெற்றிலை, காபி, கஷாயம், மிளகு ரசம் எதுவும் அந்த நாளில் கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

முதல் நாள். குளிர் மிஷின் போட்ட ஒரு சின்ன அறை. ஒரு நாற்காலி. எனக்கு எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில், ஒரு மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், காளஹஸ்தியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். மிஷினை ஓட்டுவதும் இருமலை எண்ணுவதும் அவர் வேலை. என் கழுத்தில் ஒரு சின்ன மைக்கை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். மூக்குக்கு ஒரு கிளிப். வாயில் குழாய். ஒரே ஒரு மூச்சு இழுக்க வேண்டும். அப்புறம் குழாயை எடுத்துவிட்டு அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் எத்தனை முறை இருமுகிறேனோ அத்தனை கோடு போடுவார். கொஞ்ச நேரம் விட்டு அடுத்த மூச்சு, முன்னதைவிட இரண்டு மடங்கு காரம். நடுநடுவே காரமே இல்லாத உப்புத் தண்ணீரும் வரும், நாம் கணக்குப் போட்டு இருமக்கூடாது என்று. ஒரே மூச்சுக்கு ஐந்து இருமல் வந்துவிட்டால் அதோடு நிறுத்திவிடுவார்கள், வராவிட்டால் கடைசிக் காரம் வரைக்கும் போவார்கள்.

"அடக்கவும் வேணாம், வேணும்னு இருமவும் வேணாம். வந்தா வரட்டும்" என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார்.

நான் அடக்கினேன்.

ஏன் என்பதற்கு இரண்டு காரணம் உண்டு. எழுதச் சுலபமானதை முதலில் எழுதுகிறேன்.

நான் இருபது வருஷத்துக்கு மேலாகப் பூ கட்டுகிறவள். சாமிக்குப் போகிற பூவில் நம் மூச்சு படக்கூடாது. வாயில் துணி கட்டிக்கொண்டுதான் உட்காருவோம். தும்மல் வந்தாலும் இருமல் வந்தாலும் எழுந்து வெளியே ஓட வேண்டும். பிறகு கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். கையில் இருந்த சரத்தைச் சாமிக்கு எடுக்க மாட்டார்கள், கல்யாண மண்டபத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள். ஒரு நாளைக்கு நாலு முறை எழுந்து ஓடினால் மேஸ்திரி முகம் கோணும். அதனால் எங்களில் எல்லோருக்கும் இருமலை விழுங்கத் தெரியும். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டு, எச்சிலை முழுங்கி, மூச்சை மூக்கால் மெல்ல மெல்ல விடவேண்டும். கண்ணில் தண்ணீர் வரும், இருமல் வராது. எங்களுக்கு அது பெரிய வித்தை இல்லை, முடிச்சுப் போடுவது மாதிரி கைப்பழக்கம்.

இரண்டாவது காரணம், இருமினால் எனக்குச் சேலை நனையும்.

எழுதிவிட்டேன். மூன்றாவது பிரசவத்திலிருந்து இப்படி. பெரிதாக இல்லை, ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. உரக்கச் சிரித்தாலும், பாரம் தூக்கினாலும், இருமினாலும். இந்த வயதில் கொஞ்சம் கூடியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்காரருக்குக்கூடச் சொன்னதில்லை. அந்த நாற்காலியில், எதிரில் ஓர் ஆம்பிளை கோடு போட உட்கார்ந்திருக்கும்போது, நான் எப்படி இருமுவேன்?

முதல் மூச்சு சும்மா உப்புக் கரித்தது. இரண்டாவது மூச்சில், யாரோ பக்கத்தில் மிளகாய் வறுக்கிற மாதிரி தொண்டை கமறியது. விழுங்கினேன். அடுத்தது, அதற்கடுத்தது. அடுப்பில் விழுந்த மிளகாய் நெடியையே நேராக நெஞ்சுக்குள் விட்ட மாதிரி இருந்தது. கண்ணீர் ஓடியது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசிக்கு முந்தின மூச்சில்தான் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை, ஐந்து இருமல் வந்தது. அதுவும் கோழிக் கொக்கரிப்பு மாதிரி சின்னதாக.

மீசைக்காரர் கோட்டைப் போட்டுவிட்டு, "ஏமம்மா, மொளகா மில்லுலயா பொறந்தீங்க?" என்று கேட்டார்.

டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். இந்த வயதில் இவ்வளவு தாங்குகிற தொண்டையை அவர் பார்த்ததில்லையாம். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, பொய் சொல்லவில்லை. என்னைப் பார்த்து யாரும் எதற்கும் ஆச்சரியப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்விட்டார். "எங்க வூட்ல கீறது இரும்புத் தொண்ட, டாக்டருங்களே அசந்து பூட்டாங்க" என்று.

இரண்டாவது நாள் போனபோது வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் பாகம் பூட்டுகிற கம்பெனியில் வேலை. சொந்த ஊர் திருவள்ளூர் பக்கம். இரண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவளும் இந்தப் பரிசோதனைக்கு வந்தவள்தான். வாய் ஓயாத பெண். உள்ளே போய் வெளியே வருவதற்குள் கதவைத் தாண்டி அவள் இருமல் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"ஐயோ, மூணாவது மூச்சுக்கே நான் அவுட்டு" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். "நீங்கதானா ஆயா அந்த இரும்புத் தொண்ட? அந்த மீசக்காரரு சொல்லிக்கினு இருந்தாரு. இன்னா துன்றீங்க வூட்ல? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

ஆயா என்று கூப்பிட்டது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "சோறுதான்" என்றேன்.

அன்றைக்கு முதலில் காரம். மறுபடியும் அதே மாதிரி, கடைசிக்கு முந்தினதில் ஐந்து. பிறகு ஒரு சின்னச் சீசாவில் தேன் நிறத்தில் மருந்து. இனிப்பாக இருந்தது, அடியில் ஒரு கசப்பு. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் அந்த நேரத்தில் பாத்ரூம் போய்விட்டு வந்தேன், அதனால் தைரியமாக இருந்தது. திரும்ப உள்ளே போய்க் கடைசி மூச்சு வரைக்கும் விழுங்கிவிட்டேன். ஐந்து இருமல் வரவே இல்லை. ஒரே ஒரு கனைப்பு.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். என் முகம் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"அம்மா, நிஜமா சொல்லுங்க. அடக்கினீங்களா?"

மீசைக்காரர் பேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க" என்றேன்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அந்தப் பேனா காகிதத்தில் போகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த வாரம் முழுதும் எங்கள் வீட்டுக்காரருக்கு நல்ல குஷி. காலையில் இருமி முடித்து, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்.

"அந்த மருந்து குடிச்சப்புறம் ஒரு இருமல்கூட வரலன்னியே, நெசந்தானா?"

"ஆமா."

"அப்ப அது அமிர்தம்மே. மிளகாப் புகைக்கே இருமல் வரலன்னா, இந்த நாய் இருமல்லாம் அதுக்கு எம்மாத்திரம்? எப்ப கடைக்கு வரும்னு கேளேன். நானு இந்தக் கஷாயம், மாத்தர எல்லாத்தையும் ஏறக்கட்டிட்டு அத்த மட்டும் குடிச்சிக்கினு கெடக்கறேன்."

"அது மருந்தோ இனிப்புத் தண்ணியோ, யாருக்கும் தெரியாது" என்று சொல்லிப் பார்த்தேன்.

"தண்ணிக்கா இருமல் அடங்கும்? போமே!"

அடக்கினது மருந்து இல்லை, நான். என் கணக்கைப் பார்த்து மருந்து நல்ல மருந்து என்று எழுதிவிட்டால், அதை வாங்கிக் குடிக்கப் போவது யார்? நல்ல தொண்டைக்காரர்களா? இவரை மாதிரி இருமிக்கொண்டு கிடக்கிறவர்கள்தானே. சரியாக வேலை செய்யாத மருந்தை நம்பி, இருக்கிற மாத்திரையையும் தூக்கி எறிந்துவிட்டால்? அதே சமயம், உண்மையைச் சொல்வதென்றால் ஏன் அடக்கினேன் என்றும் சொல்ல வேண்டும். பூக் கட்டுகிற பழக்கம் என்று பாதியைச் சொல்லித் தப்பிக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் டாக்டரம்மா, "சரி, இனிமே அடக்காதீங்க" என்று சொன்னால் மறுபடியும் அதே நாற்காலிதான், அதே மீசைதான். பேசாமல் போகாமலே நின்றுவிடலாமா என்றும் தோன்றியது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றுதானே சொன்னார்கள். ஆனால் நான் நின்றாலும், எழுதினது எழுதினதுதான்.

மூன்றாவது நாளும் வந்தது. போனேன். பெஞ்சில் அதே ஸ்ரீ சிட்டிப் பெண். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். கையில் ஒரு துணிப்பை.

"இன்னா, துணி மூட்டையோட வந்துட்ட?" என்று கேட்டேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

அவள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "மாத்துத் துணி ஆயா. போன வாரம் இருமன இருமல்ல உள்பாவாட நனஞ்சிபோச்சி. ரெண்டாவது கொழந்த பொறந்ததுல இருந்து இப்டித்தான். பஸ்ல வூடு வரைக்கும் நின்னுக்கினே போனேன், நெனச்சிப் பாருங்க!" என்று சொல்லி ஹோ என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, "ஐயோ, சிரிக்கவும் கூடாது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அவளையே பார்த்தேன். பத்து பேர் நடக்கிற வராந்தாவில், ஏதோ செருப்பு வார் அறுந்துபோனதைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டாள்.

"உனக்கு வெக்கமா இல்லியா?"

"இன்னாத்துக்கு வெக்கம்? எங்க லைன்ல பாதி பேருக்கு இப்டித்தான். உங்களுக்கு இல்லியா?"

நான் முந்தானையை இழுத்து மடியில் போர்த்திக்கொண்டேன். அதுவே அவளுக்குப் பதிலாகப் போயிற்று. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முழங்கையால் மெல்ல இடித்தாள்.

"அடப் பாவி ஆயா. அப்ப இரும்புத் தொண்ட இல்லியா? அடக்கினீங்களா?"

"கத்தாதடி."

"போய்ச் சொல்லுங்க. அவங்களும் பொம்பளதான்."

"நீ வந்து சொல்றியா?"

"அஸ்கு புஸ்கு. உங்க சமாச்சாரம், நீங்களே சொல்லுங்க. நான் வேணா கதவாண்ட நிக்கறேன், மீசக்காரரு உள்ள வராம."

அவள் உண்மையாகவே கதவண்டை நின்றாள். நான் உள்ளே போனேன். டாக்டரம்மா புது சீசாவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்" என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். பூக் கட்டுகிற கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மற்றதையும் சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. "நனைஞ்சிடும்" என்று மட்டும் சொன்னதாக நினைவு.

டாக்டரம்மா என் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் வாடினது எனக்குத் தெரிந்தது. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இந்த ரெண்டு நாள் கணக்கும் போச்சும்மா" என்றார். "உங்க நம்பரப் போன வாரம் பெரிய டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தேன்."

"மன்னிச்சுக்கங்கம்மா."

"உங்கள மட்டும் சொல்லி என்ன? எதிர்ல அவரை உக்கார வெச்சது நான்தானே. நான் அதை யோசிக்கவே இல்ல." பேனாவை மூடிவைத்தார். பிறகு, எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டார். "இன்னும் எத்தன பேரு அடக்கினாங்களோ."

அன்றைக்குப் பரிசோதனை நடக்கவில்லை. மேலே கேட்க வேண்டும், கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். வெளியே வந்தேன். "சொல்லிட்டீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். தலையாட்டினேன். "தோ பாருங்க, வானம் இடிஞ்சி வுழல" என்றாள். இரண்டு பேரும் போய்க் கடையில் இட்லி சாப்பிட்டோம். அவள் என் தட்டிலிருந்தும் சட்னி எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். பூக் கட்டுகிற பழக்கத்தில் அடக்கிவிட்டேன் என்றுதான் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

"டீக்கடையில எல்லாருக்கும் சொல்லிட்டனே மே" என்றார் அவர்.

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"அப்ப அந்த மருந்து?"

"எப்டின்னு இன்னும் தெரியாது. உங்க மாத்தரய வுட்டுடாதீங்க."

"வுடல, வுடல" என்றார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்து மாத்திரை இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். எனக்கு அப்போதே பாதி பாரம் இறங்கிவிட்டது.

இரண்டு வாரமோ மூன்று வாரமோ கழித்து டாக்டரம்மா போன் செய்தார். முன் கணக்கை நீக்கிவிட்டு, என்னைப் புதுசாக முதலிலிருந்து சேர்த்துக்கொள்ள மேலே ஒத்துக்கொண்டார்களாம். வருகிறீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். நான் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி சொன்னதில்லை.

இந்த முறை அறை மாறியிருந்தது. அறை அதேதான், நடுவில் ஒரு பச்சைத் திரை போட்டிருந்தார்கள். எதிரில் ஒரு நர்ஸம்மா. மீசைக்காரர் திரைக்கு அந்தப் பக்கம். "நான் கண்ணால பாக்கமாட்டேன்மா, மைக்கு இருக்கு, காதால எண்ணிக்கறேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். உட்காருவதற்கு முன்னால் பாத்ரூம் போகச் சொன்னார்கள். நனைந்தால் உறிஞ்சிக்கொள்ள ஒரு பேடு கொடுத்தார்கள். எனக்கு மட்டும் இல்லை, வருகிற எல்லாப் பெண்களையும் இப்போது முதலிலேயே தனியாக வைத்துக் கேட்கிறார்களாம், இருமுவதற்கு ஏதாவது கஷ்டம் உண்டா என்று. என்னை மாதிரி இன்னும் இரண்டு பேர் இருந்ததாக நர்ஸம்மா சொன்னார்.

முதல் மூச்சு, உப்பு. இரண்டாவது மூச்சு, லேசான கமறல். நாக்கு தானாக மேலே போய் ஒட்டிக்கொண்டது. அதை இழுத்துக் கீழே வைத்தேன். இருபது வருஷப் பழக்கத்தை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மூன்றாவது மூச்சில் விட்டேன்.

அப்படி ஓர் இருமல். அடிவயிற்றிலிருந்து வந்தது. ஐந்தோ ஆறோ ஏழோ. திரைக்கு அந்தப் பக்கம் மீசைக்காரர், "அப்பாடா!" என்றார். நர்ஸம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு சொட்டு நனைந்தது. நனைந்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

என் தொண்டை எல்லோருக்கும் இருக்கிற தொண்டைதான். ஸ்ரீ சிட்டிப் பெண்ணும் நானும் ஒரே மூச்சில் அவுட்டு.

பிறகு இரண்டு வாரம், இரண்டு சீசா. ஒரு நாள் மூன்றாவது மூச்சிலேயே ஐந்து இருமல் வந்தது, குடிப்பதற்கு முன்னும் சரி, பின்னும் சரி. இன்னொரு நாள் குடித்த பிறகு நாலாவது மூச்சைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போனேன் என்று நினைக்கிறேன். அடக்கவில்லை. தொண்டை கமறியது, ஆனால் இருமத் தோன்றவில்லை, யாரோ நெஞ்சில் கை வைத்துத் தட்டிக்கொடுத்த மாதிரி. நானாக விழுங்குவதற்கும் அதற்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

சேலை நனைகிற கஷ்டத்துக்காக டாக்டரம்மா என்னை அங்கேயே வேறொரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அவர் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ஒன்றுக்குப் போவதை நிறுத்துகிற மாதிரி இறுக்கி, பத்து எண்ணி, விடவேண்டும். நான் பூ கட்டும்போதே செய்கிறேன். யாருக்கும் தெரியாது. இதைப் படிக்கிறவர்களும் செய்யுங்கள், இப்போது எனக்குப் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

எல்லோருடைய கணக்கும் முடிந்து சீசா நம்பரைப் பிரித்துப் பார்த்த பிறகு டாக்டரம்மா போனில் சொன்னார். புதுசாகச் சேர்ந்த பிறகு குடித்த முதல் சீசாவை அப்போது மருந்து என்றே நினைத்திருந்தேன், அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்ததால். அது வெறும் இனிப்புத் தண்ணீராம். இருமத் தோன்றாத அந்த இரண்டாவதுதான் மருந்து. "ஆனா உங்க ஒருத்தர் நம்பரை வெச்சு மருந்து நல்லதுன்னு சொல்லமுடியாதும்மா, எல்லார் கணக்கையும் சேத்துத்தான்" என்றார். வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன். "சரி, வந்தா வரட்டும்" என்று இருமலுக்கு நடுவே சொன்னார்.

இப்போது ஒரு விண்ணப்பம். எந்தச் சீசா எந்த வாரம், எத்தனாவது மூச்சு என்பதில் நான் மாற்றி எழுதியிருக்கலாம். யாராவது ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் டாக்டரம்மாவிடம் கேட்டுச் சரி பார்த்துத் திருத்துங்கள். அதோடு இன்னொன்றும் பாருங்கள். நான் பொய் சொன்ன அந்த முதல் இரண்டு நாள் கணக்கு எங்கேயும் சேர்ந்துபோகாமல் அடித்துவைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை கேளுங்கள். அடித்துவிட்டோம் என்று அவர் சொன்னார், நான் நம்புகிறேன். இருந்தாலும் கண்ணால் பார்த்த ஒருவர் வந்து சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.